ஒரு மாதிரி: 'குயர்' என்ற சொல் நடந்து வந்த வழி

இந்தக் கட்டுரைக்கு நாங்கள் முதலில் வேறு ஒரு தலைப்புத்தான் வைத்திருந்தோம். 'ஒரு மாதிரி' என்று போடச் சொன்னவர் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இருக்கிற ஒரு தோழர். பாடசாலைக் காலத்தில் அவரைப் பற்றி அப்படித்தான் சொல்வார்களாம். "ஆள் ஒரு மாதிரி." அதோடு வசனம் முடிந்துவிடும். எந்த மாதிரி என்று கேட்பவரும் கேட்கமாட்டார், சொன்னவரும் சொல்லமாட்டார். இரண்டு பேருக்கும் விளங்கிவிடும்.

விசயம் தொடங்கியது ஒரு சிறுவர் கதைப் புத்தகத்தில். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் கந்தளாய்க் குளக்கட்டுப் பக்கம் கூடி ஏதாவது வாசித்துக் கதைப்பது எங்கள் வழக்கம். எங்கட ஆங்கிலத்தைக் கொஞ்சம் திருத்தலாம் என்று ஒருவர் மட்டை கிழிந்த பழைய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். எனிட் பிளைட்டன் எழுதிய ஃபேமஸ் ஃபைவ் வரிசையில் முதலாவது, 1942இல் வந்தது. ஆளுக்கு ஒரு பக்கமாகச் சத்தமாக வாசித்தோம். 'குயர்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. வீடு குயர், சத்தம் குயர், வழியில் கண்ட மனிதர் குயர். இன்ஸ்டகிராமில் இந்தச் சொல்லை வேறு பொருளில் பார்த்துப் பழகிய ஒருவர் சிரிக்கத் தொடங்கினார். கதையில் ஜோர்ஜ் என்று ஒரு பாத்திரம் உண்டு. பிறந்தபோது வைத்த பெயர் ஜோர்ஜினா. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, ஜோர்ஜ் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பேன் என்று நிற்கிற பிள்ளை. சிரிப்பு இன்னும் கூடிவிட்டது.

பிளைட்டன் அந்தச் சொல்லை எழுதியது வெறுமனே 'வழமைக்கு மாறான' என்ற பொருளில்தான். பிற்காலப் பதிப்புகளில் பல இடங்களில் அதை எடுத்துவிட்டு வேறு சொல் போட்டிருக்கிறார்கள். ஆனால் அன்று எங்களுக்குள் வந்த கேள்வி எளிமையானது: இதுக்குத் தமிழில என்ன? அகராதியைத் திறந்தால் விசித்திரமான, வினோதமான என்று வருகிறது. விசித்திரமான என்று வாயால் சொல்லிக் கதைக்கிற ஆளை நாங்கள் கண்டதில்லை. அப்போதுதான் ஒருவர் யோசிக்காமல் சொன்னார், "ஒரு மாதிரி எண்டுதானே சொல்லுவம்." மேலே சொன்ன தோழர் அங்கேதான் இருந்தார். அவர் சிரித்தார். மற்றவர்கள் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

அந்த மொழிபெயர்ப்பு மிகச் சரியானது என்பது பிறகு தேடிப் பார்த்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தமிழில் மாதிரி என்பது நல்ல சொல். மாதிரி வினாத்தாள், மாதிரிக் கிராமம், மாதிரிப் பாடசாலை. மற்றவர்கள் பார்த்துப் பின்பற்ற வேண்டியதுதான் மாதிரி. அதன் முன்னால் 'ஒரு' என்று போட்டுக் குரலைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். உடம்பு ஒரு மாதிரி இருக்கு என்றால் சுகமில்லை. அந்தக் கடைக்காரர் ஒரு மாதிரி என்றால் மிச்சக் காசை எண்ணிப் பார்த்து வாங்கு. அந்த வீடு ஒரு மாதிரி என்றால் இரவில் அந்தப் பக்கம் போகாதே. அந்தப் பெடியன் ஒரு மாதிரி என்றால், உங்களுக்கே தெரியும்.

ஆங்கிலக் குயருக்கும் இந்த நான்கு பொருளும் இருந்திருக்கின்றன. தலைசுற்றி மயக்கம் வருவதுபோல் இருந்தால் பழைய நாவல்களில் ஆட்கள் குயராக இருக்கிறது என்பார்கள். ஏமாற்றுக்காரன் குயர், பேய் நடமாடும் இடம் குயர். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு மொழிகள், பெயர் சொல்ல விரும்பாத எல்லாவற்றையும் போட்டு வைக்க ஒரே மாதிரியான ஒரு சாக்கைத் தைத்து வைத்திருக்கின்றன.

சரி, அந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது?

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஸ்கொட்லாந்தில்தான் அது எழுத்தில் முதன்முதலாகக் கிடைக்கிறது. அதுவும் ஒரு வசைக் கவிதையில். வில்லியம் டன்பார், வோல்டர் கென்னடி என்ற இரண்டு புலவர்கள் ஒருவரையொருவர் பாட்டிலேயே திட்டித் தீர்க்கிற போட்டி அது. காளமேகப் புலவரைத் தெரிந்த எங்களுக்கு இந்த வகை இலக்கியம் புதிதல்ல. எதிராளியை மட்டம் தட்டுவதற்காக வீசப்பட்ட சொற்களில் ஒன்று இது. பிறந்த நாளே திட்டாகத்தான் பிறந்திருக்கிறது.

அதற்கு முன்னால் என்ன என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஜேர்மன் மொழியில் 'குவேர்' என்றால் குறுக்கான, சாய்வான என்று பொருள். அதிலிருந்து வந்திருக்கலாம் என்று பலகாலமாகச் சொல்லி வருகிறார்கள். ஒக்ஸ்ஃபோர்ட் அகராதிக்காரர்கள் அதை முழுதாக ஏற்கவில்லை. எங்களுக்கு அந்த ஊகம் பிடித்திருக்கிறது என்பதற்காக அது உண்மையாகிவிடாது. ஆனாலும் பிடித்திருக்கிறது. ஏனென்றால் தமிழிலும் நேர் என்ற கோடுதான் நேர்மை ஆகிறது, கோணல் என்ற கோடுதான் குற்றம் ஆகிறது. கோணல் புத்தி, கோணல் வழி என்கிறோம். ஆங்கிலத்தில் எதிர்ப்பாலை விரும்புகிறவரை 'நேரானவர்' என்றே சொல்கிறார்கள். நேர்கோடு எப்படி ஒழுக்கமானது என்று ஒரு கோடும் எங்களுக்கு விளங்கப்படுத்தியதில்லை.

இந்தக் கதையில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்தது. 1560களில் தோமஸ் ஹார்மன் என்ற ஆங்கிலேய நிலவுடைமைக்காரர் ஒரு நூல் எழுதினார். ஊரூராக அலைகிறவர்கள், பிச்சைக்காரர்கள், சில்லறைத் திருடர்கள் ஆகியோரிடம் மக்கள் ஏமாறக்கூடாது என்று எச்சரிக்கிற நூல். அதன் கடைசியில் அந்த ஆட்களுடைய இரகசியப் பேச்சுக்கு ஒரு சிறு அகராதியும் இருக்கிறது. அந்தப் பேச்சில் 'ரோம்' என்றால் நல்லது, 'குயர்' என்றால் கெட்டது. எதையெல்லாம் அவர்கள் குயர் என்றார்கள் தெரியுமா? சிறைச்சாலை ஒரு குயர் வீடு. அவர்களைப் பிடித்துத் தண்டிக்கிற நீதவான் ஒரு குயர் ஆள். அதாவது அலைந்து திரிந்த அந்த மனிதர்களின் வாயில், கோணலானது அவர்களல்ல, அவர்களைப் பிடித்து அடைத்த சட்டம். ஸ்கொட்லாந்துச் சொல்லும் இந்தச் சொல்லும் ஒன்றா, அல்லது வெவ்வேறாக இருந்து பிறகு கலந்தவையா என்ற சந்தேகமும் உண்டு. எப்படியோ கலந்துவிட்டன.

பிறகு 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் கள்ளக்காசுக்குக் குயர் என்று பெயர் வந்தது. கடனில் மூழ்கியவர் 'குயர் தெரு'வில் குடியிருக்கிறார் என்றார்கள். லண்டனில் அப்படி ஒரு தெரு இல்லை, ஆனால் அங்கே குடியிருந்தவர்கள் நிறையப்பேர். மற்ற நேரங்களில் அது சாதாரணச் சொல்லாகவே இருந்தது. அதனால்தான் பிளைட்டன் காலம்வரை பிள்ளைகளுக்கும் எழுத முடிந்தது.

அது ஆட்கள்மேல், அதுவும் ஆணை விரும்பிய ஆண்கள்மேல் ஒட்டத் தொடங்கியது எப்போது? எங்கள் கைக்கு எட்டுகிற பழைய சான்றுகளில் ஒன்றாகச் சொல்லப்படுவது 1894 நவம்பரில் எழுதப்பட்ட ஒரு தனிப்பட்ட கடிதம். எழுதியவர் குயீன்ஸ்பெரி பிரபு. அவருடைய மூத்த மகன் சில நாட்களுக்கு முன்னர்தான் துப்பாக்கிச் சூட்டில் இறந்திருந்தான். அப்போது இங்கிலாந்தின் பிரதமராக இருந்த ரோஸ்பெரிக்கும் மகனுக்கும் இடையில் உறவு இருந்தது என்று தகப்பன் சந்தேகப்பட்டார். அந்தக் கோபத்தில் ரோஸ்பெரி போன்றவர்களைக் குயர் என்று எழுதுகிறார். பிள்ளையை இழந்த தகப்பனின் துக்கமும் வெறுப்பும் சேர்ந்த ஒரு கடிதத்தில் இருந்துதான் இந்தப் பொருளை இன்று நாங்கள் எண்ணத் தொடங்குகிறோம். அடுத்த வருடம் அதே தகப்பன் தன் இளைய மகன் அல்ஃப்ரட் டக்ளஸின் காதலரான ஒஸ்கார் வைல்டோடு மோதினார். அந்த வழக்கு முடிந்தபோது, 1895 மே 25இல் வைல்டுக்குக் கடூழியத்தோடு இரண்டு வருடச் சிறை கிடைத்தது. அவர்மேல் பாவிக்கப்பட்டது 1885இல் இங்கிலாந்தில் வந்த ஒரு சட்டப் பிரிவு. பகிரங்கத்திலோ மறைவிலோ ஆணும் ஆணும் செய்கிற 'பாரதூரமான இழிசெயல்' என்று குற்றத்துக்குப் பெயர். என்ன செயல் என்று சட்டம் சொல்லவில்லை. பெயர் சொல்ல விரும்பாத சாக்கு சட்டத்திடமும் இருந்தது.

அந்தச் சட்டம் அங்கேயே நிற்கவில்லை, கப்பலேறி எங்கட நாட்டுக்கும் வந்தது.

1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக் கோவை இந்திய தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. இந்தியாவில் 377 ஆக இருந்த பிரிவு இங்கே 365 ஆனது. 'இயற்கை ஒழுங்குக்கு மாறான' உடலுறவுக்குப் பத்து வருடம்வரை சிறை. பிறகு 365இன் பக்கத்தில் 365அ சேர்ந்தது. வைல்டைச் சிறைக்கு அனுப்பிய அதே சொற்கள்: பகிரங்கத்திலோ மறைவிலோ, பாரதூரமான இழிசெயல். இரண்டு வருடம்வரை சிறை. இங்கிலாந்தும் வேல்ஸும் 1967இல் அதைப் பெருமளவு தளர்த்திவிட்டன. இந்தியாவில் 2018 செப்டெம்பர் 6இல் உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் சம்மதத்தோடு சேர்வது குற்றமல்ல என்றது. நாங்கள் என்ன செய்தோம்? 1995இல் தண்டனைச் சட்டக் கோவையைத் திருத்தினோம். 365அ அதுவரை ஆண்களை மட்டும்தான் குறித்தது. இது பால் வேறுபாடு காட்டுகிறது என்று நினைத்தார்களோ என்னவோ, 'ஆண் ஆள்' என்பதில் 'ஆண்' என்பதை எடுத்துவிட்டு 'ஆள்' என்று மட்டும் வைத்தார்கள். அதோடு பெண்களும் குற்றவாளி ஆனார்கள். சமத்துவம் இப்படியும் வரும்.

இதை எதிர்த்து றொசானா ஃப்ளேமர் கல்தேரா ஐ.நா.வின் பெண்களுக்கு எதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் குழுவிடம் போனார். பெண்களைக் குற்றவாளியாக்கும் இந்தச் சட்டம் இலங்கை ஒப்புக்கொண்ட சமவாயத்துக்கு முரண் என்று குழு 2022இல் முடிவு சொன்னது. 2023இல் இந்தப் பிரிவுகளை மாற்றும் தனிநபர் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தபோது, அது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றமும் தீர்மானித்தது. அதற்குப் பிறகும் 365ஆம் 365அஆம் புத்தகத்தில் அப்படியே கிடக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பொலிசார் வீதியில் நிற்கிற திருநங்கையரைப் பிடிக்கப் பாவிக்கிற சட்டங்களில் ஒன்று 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். ஹார்மனின் அலைந்து திரிவோர் நினைவுக்கு வருகிறார்களா? இவர்களைப் பிடித்துக் கொண்டுபோகும் ஜீப்புக்கு அந்தக் காலத்து ஆட்கள் என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

குயருக்குப் பக்கத்திலேயே நடந்து வந்த இன்னொரு ஆங்கிலச் சொல் ஃபனி. அதை ஈழத் தமிழர் மறக்க முடியாது, ஷியாம் செல்வதுரை அதைத் தன் நாவலின் பெயரிலேயே வைத்துவிட்டார். 1965இல் கொழும்பில் பிறந்தவர். தமிழ்த் தகப்பன், சிங்களத் தாய். 1983 யூலைக்குப் பிறகு குடும்பத்தோடு கனடா போனார். 'ஃபனி போய்' 1994இல் வந்தது. அர்ஜி என்ற தமிழ்ச் சிறுவன் அப்பம்மா வீட்டில் பெண் பிள்ளைகளோடு சேர்ந்து கல்யாண விளையாட்டு விளையாடுகிறான், சேலை கட்டி அவனே பொம்பிளை. ஒரு நாள் அந்தக் கோலத்திலேயே பெரியவர்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்படுகிறான். ஒரு மாமா தகப்பனிடம், உன் பிள்ளை ஃபனி என்று பகிடியாகச் சொல்கிறார். அர்ஜிக்கு அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள்தான் தெரியும். ஒன்று சிரிப்பு வருவது, மற்றது விசித்திரமானது. தகப்பனின் குரலில் இருந்தது இரண்டும் அல்ல என்று மட்டும் அவனுக்குப் புரிகிறது. ஏழு வயதுப் பிள்ளை ஒரு சொல்லின் மூன்றாவது பொருளைத் தகப்பனின் முகத்தில் இருந்து படித்துக்கொள்கிற அந்த இடத்தை எங்களில் மூன்று பேர் இரண்டாம் முறையும் வாசித்தோம். (2020இல் தீபா மேத்தா எடுத்த படத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். தமிழ்க் குடும்பத்தின் கதையில் பேசப்பட்ட தமிழைக் கேட்டுப் பலரும் கோபப்பட்டார்கள். நாங்களும்தான்.)

ஃபனியின் வேரைத் தேடினால் ஃபன் வருகிறது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபன் என்றால் ஏமாற்று, ஒருவரை முட்டாளாக்குவது. 1755இல் அகராதி எழுதிய சாமுவேல் ஜோன்சன் அதைக் கீழ்த்தரமான சொல் என்றே குறித்தார். சந்தோசம் என்ற பொருள் அதற்குப் பின்னால் வந்து மூடியது. இது எங்களுக்கு ஆச்சரியமே இல்லை. எங்கட தமிழில் ஃபன்னுக்குப் பகிடி. பல்கலைக்கழகத்தில் புதுப் பிள்ளைகளைப் படுத்துகிற பாட்டுக்குப் பகிடிவதை. 1998இல் அதைத் தடுக்கச் சட்டமே வந்தது. பகிடி என்ற சொல்லையும் வதை என்ற சொல்லையும் ஒட்டி ஒரே சொல்லாக்கிய மொழிக்கு, சிரிப்பு எங்கே முடிந்து அடி எங்கே தொடங்குகிறது என்று ஆங்கிலம் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

குயருக்குத் திரும்புவோம். 20ஆம் நூற்றாண்டு முழுவதும் அது ஒரு கல்லாக இருந்தது. அடி வாங்கிய பிறகும், வேலை போன பிறகும், வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிறகும் ஆட்கள் தங்கள் முதுகுக்குப் பின்னால் கேட்ட சொல் அது. 1980களில் எயிட்ஸ் வந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் இறந்தபோது அமெரிக்க அரசு பல வருடம் வாயே திறக்கவில்லை. நண்பர்களைப் புதைத்துப் புதைத்துக் களைத்த ஒரு தலைமுறை, மரியாதையாகக் கேட்டுப் பயனில்லை என்ற முடிவுக்கு வந்தது. 1990இல் நியூயோர்க்கில் குயர் நேஷன் என்ற அமைப்புத் தோன்றியது. அந்த வருடம் ஜூன் மாத ஊர்வலத்தில் அந்தச் சொல்லைப் பெரிதாகத் தலைப்பில் போட்ட துண்டுப்பிரசுரம் ஒன்று கைமாறியது. நீ எறிந்த கல்லை நானே எடுத்து என் வீட்டு வாசலில் வைத்துக்கொள்கிறேன், இனி எதை எறிவாய் என்கிற தோரணை. அதே வருடம் கலிபோர்னியாவில் தெரேசா டி லோரெட்டிஸ் என்ற பேராசிரியர் நடத்திய ஒரு மாநாட்டின் வழியாக அது பல்கலைக்கழகத்துக்குள்ளும் போய், ஒரு கோட்பாட்டின் பெயராகிவிட்டது. எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே அடி வாங்கிய வயதானவர்கள் சிலருக்கு இன்றைக்கும் அது காதில் விழுந்தால் உடம்பு கூசும். அவர்களிடம் போய், இது மீட்கப்பட்ட சொல், சந்தோசப்படுங்கள் என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் வட்டத்துக்குள் வாக்குவாதம் வந்தது. தமிழில் எழுதும்போது குயர் என்றே எழுதலாம், அது உலகம் முழுக்கத் தெரிந்த சொல் என்றார் ஒருவர். எங்கள் கேள்வி வேறு. குயர் என்று யாராவது எங்களைத் திட்டியிருக்கிறார்களா? கந்தளாய்ச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒருவரைப் பார்த்து யாராவது குயர் என்று கத்தியிருக்கிறார்களா? இல்லை. கத்துகிற சொற்கள் வேறு. மூன்று இனமும் கலந்து வாழ்கிற ஊர் என்பதால் சிங்களத்துப் பொன்னயாவைத் தமிழ்ப் பெடியளும் கத்துவார்கள். தமிழ்நாட்டுப் படங்கள் கொண்டுவந்து தந்த 'ஒன்பது' இருக்கிறது. 'அலி' இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சத்தமில்லாத 'ஒரு மாதிரி' இருக்கிறது. குயர் எங்களிடம் வந்தபோது நியூயோர்க்கில் கழுவித் துடைத்துத்தான் வந்தது. அதன்மேல் எங்கள் இரத்தம் இல்லை. அவர்கள் மீட்ட சொல்லை நாங்கள் கடன் வாங்கலாம், ஆனால் அந்த மீட்பைக் கடன் வாங்க முடியாது.

தமிழிலேயே சொல் செய்கிற வேலையும் நடந்திருக்கிறது. மதுரையில் இருந்து ஓடிச் சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7இல் விரிவான ஓர் உத்தரவு போட்டார். தனக்கே இந்த விசயத்தில் முன்முடிவுகள் இருந்தன, அவற்றைக் களைய உளவியலாளரிடம் போய் இருந்து கற்றுக்கொண்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். ஒரு நீதிபதி இப்படிச் சொல்வது, ஹார்மனின் ஆட்கள் கேட்டிருந்தால் நம்பியிருக்கமாட்டார்கள். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் பத்திரிகைகளும் அலுவலகங்களும் பாவிக்க வேண்டிய மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழ்நாட்டு அரசு 2022 ஆகஸ்ட்டில் அரசிதழில் வெளியிட்டது. குயருக்கு அதில் பால்புதுமையர் என்று இருக்கிறது. எங்கட பக்கம் பால்புதுமையினர் என்பதும் புழங்குகிறது. அதற்கு முன்பே அலி, அரவாணி என்ற சொற்களைத் தள்ளி வைத்துவிட்டுத் திருநங்கை என்ற சொல் வந்து நிலைத்ததை எல்லோரும் அறிவோம். அந்தச் சொல் வீட்டுப் பேச்சுவரை வந்துவிட்டது. பால்புதுமை இன்னும் கூட்ட மண்டபத்தைத் தாண்டவில்லை.

எங்களில் ஒருவருக்குப் பால்புதுமை பிடிக்கவில்லை. "புதுமையா? இதில என்ன புதுசு?" என்றார். நியாயமான கேள்வி. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே, ஆண்மை திரிந்து பெண்மை கொண்டவர்களுக்கு எந்த விகுதி போட்டு வினைமுடிப்பது என்ற கேள்வி வந்துவிடுகிறது. அவர்களுக்கெனத் தனி விகுதி இல்லை, உயர்திணையின் மற்றப் பால்களுக்குரிய விகுதியே அவர்களுக்கும் என்கிறது இலக்கணம். தனி விகுதி இல்லை என்பது குறைதான். ஆனால் உயர்திணை என்பதில் சந்தேகமே இல்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களில் ஒன்று பேடு. ஆகவே புதுசு இல்லைத்தான்.

ஆனால் புதுமைக்கு 'புதுசு' மட்டுமா பொருள்? திருகோணமலைப் பக்கம் கத்தோலிக்க நண்பர் யாரிடமாவது கேளுங்கள். அந்தோனியார் புதுமை செய்தார் என்றால் புதுசாக ஏதோ கண்டுபிடித்தார் என்று பொருளல்ல, அற்புதம் செய்தார். பழைய தமிழில் புதுமை என்றால் வியப்பு, வழமையில் காணாதது. அந்தப் பொருளில் எடுத்தால் பால்புதுமை என்பது குயருக்கு நேரான மொழிபெயர்ப்பு, ஒரு வித்தியாசத்தோடு. வழமைக்கு மாறான ஒன்றைப் பார்த்து ஆங்கிலச் சொல் முகம் சுளித்தது. தமிழ்ச் சொல் கண்ணை விரிக்கிறது. யார் முதலில் சேர்த்தார்களோ, யோசித்துத்தான் சேர்த்திருக்கிறார்கள்.

நாங்கள் கூடுகிற குளக்கட்டுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. கந்தளாய்க் குளத்தை மகாவம்சம் இரண்டாம் அக்கபோதியோடு சேர்க்கிறது. தமிழ் மரபில் அது குளக்கோட்டன் கட்டியது. குளக்கோட்டனைப் பற்றிச் சொல்லும்போது அவன் மணந்த ஆடகசவுந்தரியைப் பற்றியும் சொல்வார்கள். கலிங்கத்து அரசன் ஒருவனுக்கு மகள். பிறக்கும்போதே பல்லும் கூந்தலுமாகப் பிறந்தாளாம். சாத்திரக்காரர் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளை ஒரு மாதிரி, நாட்டுக்கு ஆகாது என்றார்கள். பேழையில் வைத்துக் கடலில் விட்டார்கள். பேழை இலங்கைக் கரையில் ஒதுங்க, இங்கே ஒரு அரசன் எடுத்து வளர்த்தான், வளர்ந்து அவளே அரசியானாள். அவளிடம் இருந்த பூதங்கள்தான் கந்தளாய்க் குளத்தைக் கட்டின என்று சின்ன வயதில் எங்களுக்குச் சொன்னார்கள். வரலாற்று ஆசிரியர்கள் இதை வரலாறு என்று ஏற்கமாட்டார்கள், நாங்களும் கேட்கவில்லை. ஆனால் பெற்றவர்கள் கடலில் விட்ட பிள்ளையின் பேரில் இருக்கிற குளத்துத் தண்ணீரில்தான் இந்தப் பக்கத்து வயல்கள் இன்றைக்கும் விளைகின்றன.

கட்டுரை எழுதி முடியும் நேரம், தலைப்புச் சொன்ன தோழரிடம் ஒரு கேள்வி கேட்டோம். உங்களைப்பற்றி எழுதுகிற இடத்தில் எந்தச் சொல்லைப் போடுவது? குயரா, பால்புதுமையா, இல்லை வேறேதுமா? மேலே இவ்வளவு ஆராய்ச்சி செய்தவர்கள் என்ற தோரணையில்தான் கேட்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அவர் போனில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"குயர் எண்டே போடுங்க. பால்புதுமை எண்டு போட்டால் அம்மாவுக்கு விளங்கிரும்."